இருபத்தெட்டாம் நாள் பதில்

செவ்வாய், இரவு.

கருங்கல் ஊர் ரோசம்மாளுக்கு அனுப்பிய பதிவுத் தபால் இன்று எங்கள் நகராட்சி ஆபீசுக்கே திரும்பி வந்தது. உறைமேல் தபால்காரர் எழுதியிருக்கிறார்: "பெறுநர் இறந்துவிட்டார்."

தகவல் உரிமை மனுவில் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான். விபத்தில் செத்த, அனாதைப் பிணமென்று நாங்கள் அடக்கிய தன் மகனின் குழி எங்கே? மனு வந்த அன்றே கோப்பில் இடத்தைப் பார்த்துவிட்டேன்.

"உடனே குடுத்தா அடுத்த மனு போடுவாவ. முப்பது நாள் டைம் இருக்குல்லா? இருபத்தெட்டாம் நாள் அனுப்பினா போதும்டே" என்றார் கண்காணிப்பாளர். எல்லா மனுவுக்கும் அப்படித்தான்.

நடுவில் ஒருநாள் அந்த அம்மா நேரிலேயே வந்தார். "எனக்க பிள்ளைய எங்க அடக்குனாவன்னு சொல்லு மக்கா. ஒரு மெழுகுதிரி கொளுத்தணும்."

"தபால்ல வரும்மா" என்றேன்.

அந்த இடுகாடு எங்கள் ஆபீஸ் ஜன்னலில் நின்றாலே தெரியும். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம்.