பழைய காருக்கு என் கார் தரும் கரண்ட்

மாமா,

என் காரில் இவ்வளவு கரண்ட் இருந்தும், உங்கள் பழைய காரை எப்படிக் கிளப்புவது என்று ராத்திரி எனக்குப் புரியவில்லை. கருவாட்டு வாடை போகக் கார்க் கதவைத் திறந்துவைத்தீர்கள். உள்விளக்கு எரிந்தே பேட்டரி தீர்ந்துவிட்டது. சிதம்பரத்துச் சின்னையன் மதியம் வருகிறார். கிளம்பாத காரை அவர் வாங்கமாட்டார்.

“உன் கரண்ட் வண்டியிலேர்ந்து ஒரு ஒயர் குடுக்க மாட்டேங்குறியே”ன்னு சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். மனசில்லாமல் இல்லை மாமா. அண்டா பெரிசுதான், குழாய் சின்னது. உங்கள் ஸ்டார்ட்டர் ஒரே மூச்சில் இழுத்தால் என் கார் தாங்காது. மெல்லக் கொடுத்தால் தாங்கும்.

காலையில் மெக்கானிக்கிடம் உங்கள் பேட்டரியை மெல்ல ஏற்றும் சார்ஜர் வாங்கி வந்தால், சாயங்காலம் வரை வீட்டில் கரண்ட் கட்!

நான் பஸ்ஸில் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில். இன்றாவது சாப்பிடுங்கள்.

இளவரசி

பி.கு.: வீட்டுச் சுவரில் இருப்பதுபோல் என் காரிலும் ஒரு பிளக் பாயிண்ட் உண்டு; அதில் சார்ஜரை மாட்டி, உங்கள் பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறேன். பதினோரு மணிக்குச் சார்ஜரை அணைத்து, கிளிப்புகளைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். கிளம்பும்.