சோபாவில் உட்காராதவள்

ஜனவரி 9

கடையில் கம்பளித் துணி மூட்டையைத் தூக்கும்போது தும்மலும் சேர்ந்து வந்தது. அவ்வளவுதான், உள்ளே நனைந்துவிட்டது. சலவைக் கடை கவுண்டரில் நின்று ஊரார் கறையையெல்லாம் வாய் கூசாமல் கேட்கிறேன் — டீயா, எண்ணெயா, மையா என்று. என் கறையை யாரிடம் சொல்ல? சின்னவன் பிறந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருந்ததுதான். இப்போது சிரித்தாலே வருகிறது. அதனால் சிரிப்பதில்லை. "என்ன, இப்படி உம்மணாமூஞ்சி ஆயிட்டே?" என்கிறார் இவர்.

ஜனவரி 21

அத்தான் போன் செய்தார். அக்காவுக்கு இதயம் ரொம்ப மோசமாம். "உன்னையே கேட்டுட்டு இருக்கா. கோபத்தை விட்டுட்டு ஒரு தடவை வந்துட்டுப் போம்மா."

கோபம் இருந்தது உண்மைதான். நாங்கள் புது சோபா வாங்கியபோது பார்க்க வந்தவள், அதில் உட்காரவே மாட்டேன் என்றாள். "எனக்கு அந்த பிளாஸ்டிக் சேர் போதும்டி." பொறாமையா என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஆனால் இப்போது தடுப்பது கோபம் இல்லை. ஐந்து மணி நேர பஸ். நடுவில் ஒரே இடத்தில்தான் நிறுத்துவான்.

ஜனவரி 22

டிக்கெட் எடுத்து, ஏறி உட்கார்ந்தும் விட்டேன். பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன். அத்தானிடம் காய்ச்சல் என்று சொன்னேன்.

ஜனவரி 25

அக்கா போய்விட்டாள்.

ஜனவரி 26

துண்டை மடித்து வைத்துக்கொண்டு, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், அடர்நீலப் புடவையில் போனேன். நனையத்தான் நனைந்தது. யாருக்கும் தெரியவில்லை. இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா? நனைஞ்சா செத்தா போயிருப்பேன்?

அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தேன். "அக்கா மேல எவ்வளவு பாசம், உக்காரக்கூட மாட்டேங்குறா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

ஜனவரி 28

அக்கா மகளோடு அலமாரியை ஒழித்தேன். புடவைகளுக்கு அடியில், பழைய துண்டுகளை வெட்டி, மடித்து, ஓரம் தைத்து அடுக்கியிருந்தாள். அக்காவின் கைத்தையல்தான்.

"இது எதுக்கு சித்தி? அம்மாவுக்கு மாசாமாசம் வர்றது எப்பவோ நின்னுபோச்சே."

ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். "உங்கம்மா யார் வீட்டுலயாவது சோபால உக்காருவாளா?"

"எங்கயும் மாட்டாங்க. இங்கயே பிளாஸ்டிக் சேர்தான். ஏன்?"

பொறாமையாம்! என் வாயில் இடி விழ. என் சோபா நனையக் கூடாதுன்னு பார்த்திருக்கா. ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் மட்டும் சொன்னேனா?

அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கு டாக்டர் இருக்காங்க சித்தி" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

பிப்ரவரி 12

பெண் மருத்துவர்தான். ஆனாலும் மேஜையைப் பார்த்தே பேசினேன். சிறுநீர்ச் சோதனை. இருமச் சொல்லிப் பார்த்தார். "பிரசவத்துல அடியில தாங்குற தசை தளர்ந்திருக்கு. சிறுநீரை அடக்குற மாதிரி இறுக்கி இறுக்கி விடணும். தினமும், சில மாசம். டீயைக் குறைங்க, தண்ணியைக் குறைக்காதீங்க. இது பத்தலேன்னா வேற வழியும் இருக்கு."

"அவ்வளவுதானா?"

"நிறைய பேருக்கு அவ்வளவுதாம்மா."

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவுதானாம் அக்கா.

மார்ச் 3

ஒன்றும் மாறவில்லை. கவுண்டரில் நின்றபடியே இறுக்கி விடுகிறேன். "பல்வலியா?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர்.

ஏப்ரல் 19

தும்மல் வருமுன் இறுக்கினேன். நனையவில்லை. இன்னொரு தும்மல். அதற்கும் நனையவில்லை. முதலில் அக்காவிடம் சொல்லத் தோன்றியது.

ஜூன் 14

அத்தானைப் பார்க்கப் போனேன். அதே பஸ், கையில் தண்ணீர் பாட்டில். நிறுத்திய இடத்தில் எல்லோரையும் போல இறங்கி ஏறினேன். துண்டு பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"சோபால உக்காரும்மா" என்றார் அத்தான். உட்கார்ந்தேன். ஜன்னலோரம் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் கிடந்தது.

"வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அத்தான். சுலபமா வந்துட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.