நீண்டுபோன இரண்டாம் பாட்டு

அக்கா,

"அடுத்தது என்ன, சொல்லு?" ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் என்னிடம் இதைத்தான் கேட்பீர்கள். நான் தப்பாகச் சொன்னால் சிரிப்பீர்கள். சரியாகச் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூரையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து, நீங்கள் ஓயாமல் கேட்ட அந்தக் குழு, உங்கள் ஆங்கிலேயர்கள் பாடினார்கள். உங்களுக்குப் பிடித்த அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு. முடிந்ததும் என் காது தானாக இரண்டாவது பாட்டுக்குத் தயாராகிவிட்டது. கடைக்காரர்களோ வேறு யாரோ ஒரு பெண்ணின் பாட்டைப் போட்டார்கள். பாதி நிரம்பிய பையோடு ஏமாந்து நின்றேன். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூற்றெட்டின் கோடை. டெக்சஸின் இர்விங்கில் ஒரே அபார்ட்மென்ட் கட்டடத்தில், மாடியில் நீங்கள், கீழே நாங்கள். கரூரில் பதினோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அண்ணா நகரிலிருந்து தனியாக வந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் டேப்பைப் போடுவீர்கள். கூரை வழியே அந்தத் தாளம் எனக்கு இறங்கி வரும். சத்தம் தாங்காமல்தான் முதன்முதலில் உங்கள் கதவைத் தட்டினேன்.

கல்லூரியில் படிக்கும்போது மெட்ராஸில் நீங்கள் வாங்கிய கேசட் அது. அட்டையில் ஐந்து ஆண்கள், கண்ணுக்கு மை தீட்டி, கலைந்த முடியோடு நின்றார்கள்.

"இந்தப் பையனுக்கு மை யாருங்க அக்கா வெச்சு விட்டாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க அம்மா இல்ல, அது மட்டும் நிச்சயம்," என்றீர்கள்.

என் வீட்டுக்காரர் கர்நாடக சங்கீதத்தைத் தவிர எதையும் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது உங்களைச் சீண்டினார். "உலகம் பூரா வித்துச்சுன்னு சொல்றீங்க. எல்லாரும் வாங்கினா நல்லதாயிடுமா?"

"இட்லிய எல்லாரும்தான் சாப்பிடறாங்க. அதனால இட்லி கெட்டதா?" என்றீர்கள். அவர் அடுத்த இட்லியை எடுத்துக்கொண்டார்.

அந்த ஆல்பத்தை நீங்கள் ரசித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல மாணவி ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிறகும் விடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாளே, அது போல. ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்த பாட்டின் கீபோர்டு மெல்லத் தொடங்கிவிடும் என்று காட்டினீர்கள். பாடுகிறவன் உரக்கக் கத்த வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்துகிறான் என்றீர்கள். "பத்துப் பாட்டு இல்லடி, ஒரே பாட்டு. நடுவுல பத்து தடவ மூச்சு விடறாங்க, அவ்ளோதான்." வார்த்தைகள் பாதி புரியாத எனக்கும் பத்தாவது நாளில் அந்த மூச்சு கேட்கத் தொடங்கியது.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் டேப் ஓடவில்லை. மேலே வந்து பார்த்தேன். இருட்டில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"ப்ராஜெக்ட்ட பிளேனோ ஊருக்கு ஷிஃப்ட் பண்றாங்க. ரெண்டு வாரத்துல. ஃப்ரீவே எடுக்காம போக முடியாது."

"போங்க அக்கா, அதுக்கென்ன?"

"நான் ஃப்ரீவேல ஓட்ட மாட்டேன்."

அப்போதுதான் சொன்னீர்கள். லைசென்ஸ் வாங்கிய புதிதில், சிக்னலே இல்லாத அந்த வேகச் சாலையில், ஃப்ரீவேயில், சேரும் சரிவின் முனைக்குப் போய், வேகமாக வரும் வண்டிகளைப் பார்த்துப் பயந்து அப்படியே நிறுத்திவிட்டீர்கள். பின்னால் வந்த லாரி உங்களை இடிக்காமல் நின்றது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஊருக்குள் மட்டும்தான். புது ஆபீசுக்குப் போகாவிட்டால் வேலையில்லாமல் காத்திருக்க வைப்பார்கள், பிறகு வெளியே அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் கிரீன் கார்டு விண்ணப்பமும் போகும். "ஆறு வருஷமா இதுக்குத்தான்டி உக்காந்திருக்கேன்," என்றீர்கள்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் கரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மொபெட் ஓட்டியவளுக்கு டெக்சஸ் ஃப்ரீவே ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப்போ என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்க நான் எப்போதும் தோசையை எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் தோசை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கு நொடி நொடியாகத் தெரிந்தது அந்த ஆல்பம்.

அதனால் சாலையைப் பாட்டின் மேல் ஏற்றினேன். ஃப்ரீவேக்கு முந்தைய கடைசி சிக்னலில் டேப்பை முதல் பாட்டிலிருந்து போட வேண்டும். கீபோர்டு மட்டும் கேட்கிற நேரத்தில் சரிவில் ஏற வேண்டும். ட்ரம் விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சேர்ந்துவிட வேண்டும். இரண்டாவது பாட்டின் நடுவில் சாக்ஸபோன் வரும்போது வலது ஓரத்துக்கு மாற வேண்டும். அந்தப் பாட்டு முடிகையில் கிழக்கே பிரியும் சாலை வந்துவிடும்.

முதல் ஞாயிறு, ட்ரம் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "கண்ணத் தொறங்க அக்கா" என்று நான் போட்ட சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. நாலாவது தடவை பாடிக்கொண்டே சேர்ந்தீர்கள். பத்தாவது நாளில் உங்கள் தோள்கள் கீழே இறங்கியிருந்தன. அந்தக் கோடையில் எனக்கு இருந்த ஒரே மாணவி நீங்கள். நான் மறுபடி டீச்சரானது அந்தக் காருக்குள்தான்.

இனி என் தப்பு.

புது ஆபீசுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், பயிற்சி முடிந்து கேசட்டை உங்கள் காரின் டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு இறங்கினேன். டெக்சஸ் வெயிலில் மூடிய கார் அடுப்பு மாதிரி என்று தெரியாதா எனக்கு? மாலையில் உங்கள் சாவியை வாங்கிக்கொண்டு எதையோ எடுக்கப் போனபோது பார்த்தேன், கேசட் அப்பளம் போல வளைந்து கிடந்தது. உங்களிடம் சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்காரரோடு பழைய கேசட் விற்கும் கடைக்கு ஓடினேன். அதே அட்டை, அதே ஐந்து பேர், அதே மை. வாங்கி உங்கள் காரில் போட்டுவிட்டு நிம்மதியாக வந்தேன். பின்னட்டையில் இருந்த சின்ன எழுத்தைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"நான் ஏர்போர்ட்ல நிக்கறேன்."

"யாரக் கூப்பிடப் போனீங்க அக்கா?"

"யாரையும் இல்ல. ஏர்போர்ட்டுக்குள்ள ஒரு பெட்ரோல் பங்க்ல நிக்கறேன். ரெண்டாவது பாட்டு முடியவே மாட்டேங்குது. ட்ரம்மையே அடிச்சிட்டிருக்கான். சாக்ஸபோன் வரும் வரும்னு பாத்தேன், அதுக்குள்ள நான் பிரிய வேண்டிய எக்ஸிட் போயிடுச்சு, ரோடு நேரா இங்க கொண்டு வந்து விட்டுடுச்சு. என் டேப்புக்கு என்னடி ஆச்சு?"

சொன்னேன். வெயில், வளைந்த கேசட், பழைய கடை, எல்லாவற்றையும். அமெரிக்காவில் விற்ற கேசட்டில் அந்த ஒரு பாட்டை மட்டும் நடனத்துக்காக நீட்டிப் போட்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் பின்னால் விமானச் சத்தம் கேட்டது.

"கொஸ்டின் பேப்பர மாத்திட்டு, பரீட்சைக்குப் போறவகிட்ட சொல்லாம விட்டுட்ட. நீயெல்லாம் ஒரு டீச்சர்," என்றீர்கள்.

"அங்கயே இருங்க அக்கா. இவர ஆபீஸ்லருந்து வரச் சொல்றேன்."

"வேணாம். போன வை."

அன்று பகல் முழுவதும் என்னால் சாப்பிட முடியவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் என் பாடத்தில் தோற்றிருக்கிறார்கள். ஆனால் ஆறு வருஷக் காத்திருப்பை நான் யாரிடமிருந்தும் பறித்ததில்லை.

ஆறரை மணிக்கு உங்கள் கார் வந்து நின்றது. வளைந்த கேசட்டை இரண்டு கையிலும் ஏந்தி வாசலில் நின்றேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"போனீங்களா?"

"போனேன். ஒரு மணி நேரம் லேட். டேப்ப ஆஃப் பண்ணிட்டுப் போனேன்." பிறகு ஏதோ பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வது போல் மெதுவாகச் சொன்னீர்கள். "ஏய், மேல பச்சை போர்டுல எல்லா ஊர் பேரும் எழுதிருக்கான்டி. ரெண்டு வாரமா நான் ஒண்ணக்கூடப் பாக்கல."

நானும் அவற்றைப் பார்க்கச் சொல்லவில்லை, அக்கா. பாட்டைச் சொல்லிக்கொடுத்த பெருமையில் சாலையைச் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன்.

அன்று மாலை அந்த அமெரிக்கக் கேசட்டைத் தூக்கி எறிவீர்கள் என்று எதிர்பார்த்தேன். தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்டீர்கள். நீட்டிய இரண்டாம் பாட்டு வந்ததும் கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னீர்கள். ட்ரம் நீண்டுகொண்டே போய், கடைசியில் சாக்ஸபோன் வந்தது. "இதுவும் நல்லாதான் இருக்கு," என்றீர்கள். உங்கள் வேலையைக் கிட்டத்தட்டக் கெடுத்த பாட்டைப் பற்றி உங்களால் அப்படிச் சொல்ல முடிந்தது. இந்த நியாயத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

வேலை நிலைத்தது, கிரீன் கார்டும் வந்தது. எனக்கும் பிறகு அனுமதி கிடைத்து, இதே ஊர்ப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றேன். பரீட்சையில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் முந்தைய நாளே பலகையில் எழுதிவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எழுதுவதை நிறுத்தியதில்லை.

பல வருஷம் கழித்து நோய் வந்தபோது நீங்கள் டாக்டரிடமிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரக்கூட இல்லை. "உன்ன மாதிரி நான் மறைக்க மாட்டேன். ரிப்போர்ட் சரியில்ல. ரொம்ப நாள் இல்லயாம்," என்றீர்கள். அப்படிச் சொன்னதால்தான் நீங்கள் போகும்வரை இருந்த அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களோடு உட்கார எனக்குக் கிடைத்தது. நான் தாங்கிக்கொள்வேன் என்று நம்பி, என் பயத்தை என்னிடமே ஒப்படைத்தீர்கள். கேசட் வளைந்த அன்று, உங்கள் பயத்தை நான் உங்களிடம் ஒப்படைக்கவில்லை. இந்த வித்தியாசம்தான் உங்களிடமிருந்து நான் சுமந்துகொண்டிருப்பது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம் தருகிறேன், அக்கா, பழக்க தோஷம். நாளை யாராவது உங்களை நம்பி ஒரு காரியத்தில் இறங்கப் போகிறார் என்றால், அவருக்குத் தெரியாமல் நீங்கள் மாற்றிவைத்ததை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.