சொட்டு மருந்து அண்ணனும் திங்கட்கிழமை ஆபரேஷனும்

என்னங்க,

ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல் இருக்கிறது.

உங்கள் அண்ணன் காதுக்குச் சொட்டு மருந்தோடு வருகிறாராம். சீழ் வடிந்த காதைச் சுத்தம் பண்ணி, டாக்டர் துவாரத்தையே தைத்து மூடிவிட்டார் என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் தன் காதிலேயே ஊற்றிக்கொள்ளட்டும்.

டாக்டர் போன் பண்ணினார். தைத்து மூடிய ஆறு மாதத்தில் காதுக்குள்ளே நன்றாகக் காய்ந்துவிட்டதாம். திங்கட்கிழமை ஆபரேஷன் பண்ணி, மறுபடி கேட்க வைக்கும் காக்ளியர் கருவியை உள்ளே வைத்துவிடலாமாம்.

நேற்று, "கேக்காம இருக்கறதே நிம்மதி, இன்னொரு ஆபரேஷன் வேணாம்" என்று கத்தினீர்கள். உங்களுக்கு நிம்மதிதான். பேத்தி போனில் "தாத்தாகிட்ட குடு" என்று அழும்போதெல்லாம், தாத்தா குளிக்கிறார் என்கிறேன். உலகத்திலேயே சுத்தமான தாத்தா நீங்கள்தான்!

இதை மட்டும் காகிதத்தின் ஓரத்தில் பொடியாக எழுதுகிறேன், பாருங்கள்: எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இனி நீங்கள் வேண்டாம் என்றால் எனக்குக் காது கேட்காது.