கிழக்குக் காற்று அடித்த திங்கட்கிழமை

ஓஸ்டர்வெர்ட்,
அக்டோபர், வியாழக்கிழமை

அன்பு மகள் ரென்ஸ்கேவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. அம்மா நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பேசுகிறாள், சூப் குடிக்கிறாள், நீ பயப்படாதே. பயப்படுகிற வேலையை இங்கே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாதத்தின் முதல் திங்கள் நடுப்பகலில் நாடு முழுவதும் சோதனைக்கு அபாயச் சங்கு ஊதுவது உனக்குத் தெரியும். அதைக் கேட்டு இங்கே யாரும் தலை நிமிர்வதில்லை, கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வதோடு சரி. இந்தத் திங்களும் ஊதியது. அம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், நான் பக்கத்து வீட்டு பெரென்டோடு வேலியோரம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சங்கு நின்றது, மறுபடி ஊதியது, மறுபடியும் ஊதியது. 'அணைக்க மறந்துட்டு ரொட்டி தின்னப் போயிட்டான்டா, சம்பளத்துல பிடிக்கணும்' என்று பெரென்ட் சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மாதான் என்னைப் பார்த்து 'எல்ட்யோ, இது என்ன நாத்தம், நீச்சல் குளத்துல நிக்கிற மாதிரி இருக்கு' என்றாள். அதற்குள் தொழிற்சாலைப் பக்கமிருந்து புல்லோடு புல்லாக அது தவழ்ந்து வந்துவிட்டது. குளோரின் காற்றைவிடக் கனம், பள்ளம் பார்த்து இறங்கும், நம் கொல்லையோ கால்வாய்ப் பக்கம் சரிவு. ஈரத் துணியை விட மனமில்லாமல் உன் அம்மா அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு நின்றாள். இழுத்து உள்ளே தள்ளிக் கதவை அடைத்தேன். என் நீலச் சட்டை திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. துணிக்கே அப்படியென்றால் அவள் நெஞ்சுக்குள் என்ன ஆகியிருக்கும்?

அந்தத் தொழிற்சாலை ஏன் இங்கே வந்தது என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன். பூமிக்கடியில் உப்பு இருக்கிறது, உப்பிலிருந்துதான் குளோரின். எரிவாயு பக்கத்திலேயே கிடைக்கிறது, அதனால் மின்சாரத்துக்குக் குறைவில்லை. கப்பல் வரத் துறைமுகம், தட்டையான மலிவு நிலம். இதோடு தென்மேற்குக் காற்று, எது கசிந்தாலும் கடல் பக்கம் கொண்டுபோய்விடும் என்று ஊர்க்கூட்டத்தில் கம்பெனி இன்ஜினியர் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினான். 'அக்கரை ஜெர்மன்காரனுக்கு எப்பவும் மூக்கடைப்புதான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது' என்று பெரென்ட் சொல்ல, கூட்டமே சிரித்தது. கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் என்ன செய்வீர்கள் என்று நான் ஒருவன்தான் எழுந்து கேட்டேன். 'அது அபூர்வம் பெரியவரே, உக்காருங்க' என்றான். வரைபடத்தில் போடாத காரணம் ஒன்று உண்டு. நாங்கள் கொஞ்சம் பேர், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவோம். திங்களன்று அடித்தது கிழக்குக் காற்று.

புது ஆலைக்கு இடம் பார்க்கிற குழுவில் உன்னைச் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தாய். நதி, ரயில், மின்சாரம் எல்லாம் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரும்பாலான நாளில் அடிக்கிற காற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வராதே. எப்போதோ ஒரு நாள் அடிக்கிற காற்று யார் வீட்டுக் கொல்லைக்குப் போகிறது என்று நடந்துபோய்ப் பார்.

நேற்று கம்பெனி ஆள் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்து, 'இப்பவாவது வீட்டைக் குடுத்துடுங்களேன், ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்' என்றான். பூவோடு அனுப்பிவிட்டேன். ஆள் குடியிருக்கிற வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் புதுக் குளோரின் தொட்டி வைக்கக்கூடாது என்பது விதி. நம் வீடு காலியானால் அந்த எல்லை பின்வாங்கி, தொட்டி பெரென்ட் வீட்டுப் பக்கம் நெருங்கிவிடும். அதனால் விற்றுவிடச் சொல்லி நீ சொன்னாலும் விற்க மாட்டேன், நான் இங்கேயேதான் இருப்பேன். ஜன்னல் இடுக்குக்கெல்லாம் நாடா ஒட்டியிருக்கிறேன். இருந்தும் காற்று திசை மாறினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்பதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'இன்னொரு தடவைன்னா அவங்க நுரையீரல் தாங்காது, அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க' என்று சொல்லிவிட்டார். அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது. தினமும் 'எப்ப வீட்டுக்குப் போறோம், முட்டைக்கோஸ் முத்திப் போகும்' என்கிறாள், நானும் நாளைக்கு, நாளைக்கு என்கிறேன். எத்தனையோ கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவன், அவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நீ வா. வந்து நீ சொல்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஞாபகம் வைத்துக்கொள், போனில் பேசும்போது எப்போது வீட்டுக்கு என்று அம்மா உன்னிடமும் கேட்பாள். நீ வந்து சேரும்வரை, அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்.

உன் அப்பா,
எல்ட்யோ