சண்டை பிடிக்காத கை

நெடுந்தீவு கிழக்கு
02.09.1986

என் அன்புத் தங்கச்சி ஜசிந்தாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் பிள்ளையும் சுகம். குண்டுச் சத்தங்களுக்கு நடுவில் நீயும் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். மகள் பிறந்து இருபத்து மூன்று நாள். நீ இன்னும் வந்து பார்க்கவில்லை. படகு சீரில்லை என்று ஊருக்கு நானே உனக்காகச் சாட்டுச் சொல்கிறேன்.

பிரசவம் கடுமைதான். அன்று கடலில் நேவி நின்றதால் படகு ஓடவில்லை. தலை வந்து தோள் இறுகிவிட்டது. அல்போன்சம்மா மாமிதான் பிள்ளையை இழுத்து எடுத்தார். தன் தாய் இல்லாவிட்டால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று உன் அத்தான் லியோன் நாளுக்கு நாலு தரம் சொல்கிறார்.

பிள்ளை நல்ல குணம். சட்டை போடும்போது இடது கை சண்டை பிடிக்கும். வலது கையை எப்படி விட்டாலும் பேசாமல் இருப்பாள்.

சாமான் எடுக்கக் கிழமைதோறும் யாழ்ப்பாணம் வரும் சங்கக் கடை அம்புறோஸ் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அக்கா
கத்தரீனா


யாழ்ப்பாணம்
09.09.1986

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பயப்படவேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை.

பிள்ளையின் வலது உள்ளங்கையில் விரலை வைத்தால் பிடிக்கிறாளா? முழங்கை மடங்குகிறதா? சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது இரண்டு கையும் விரிகிறதா, ஒன்று மட்டும்தானா? தோள் இறுகிப் பிறந்த பிள்ளைகளுக்குக் கழுத்தடி நரம்பு இழுபட்டுக் கை சோர்ந்துபோவது உண்டு. எங்கள் ஆசுபத்திரியின் பிசியோதெரபிப் பகுதிக்கு வருகிறார்கள். நேரத்தோடு வந்தால் பலருக்குச் சரிவருகிறது. மூட்டு இறுகியபின் ஒரு வயதில் கொண்டுவரும் தாய்மாரின் முகத்தை என்னால் பார்க்க ஏலாது.

எண்ணெய் போட்டு உருவவோ, கையைப் பிடித்துத் தூக்கவோ யாரையும் விடவேண்டாம். உடனே கொண்டுவாருங்கள்.

தங்கச்சி
ஜசிந்தா


நெடுந்தீவு
20.09.1986

ஜசிந்தா,

நீ சொன்னபடி பார்த்தேன். குசினியில் பானை மூடியை வேண்டுமென்றே போட்டேன். இடது கை விரிந்தது. வலது கை கிடந்தபடி கிடந்தது. விரல்கள் மட்டும் என் விரலைப் பிடிக்கின்றன. முழங்கை மடங்கவில்லை. மூன்று தரம் மூடியைப் போட்டேன். மாமி வந்து, "என்ன பிள்ளை, விசரே?" என்று கேட்டார். மூடி வழுக்கிவிட்டது என்று சொன்னேன்.

எப்படிச் சொல்வது? தன் கையால் வந்தது என்று தெரிந்தால் அந்த மனுசி உயிரோடு இராது. போன வருசம் படகில் நேவி எங்கள் சனத்தை வெட்டிக் கொன்றதற்குப் பிறகு துறைப் பக்கம் போகவே எனக்குக் கால் வராது. இளம் ஆம்பிளைகள் கடல் தாண்டினால் நேவியிடம் பிடிபடுவார்கள், லியோனையும் கூட்டிவர ஏலாது. நீ வேலை செய்யும் ஆசுபத்திரியோ ஆமி நிற்கும் கோட்டைக்குப் பக்கத்தில். ஷெல் சத்தம் இங்கேயே கேட்கிறது. சோர்ந்த கையோடென்றாலும் பிள்ளை உயிரோடு இருக்கட்டுமே. மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கக் கூடாதா?

கத்தரீனா


யாழ்ப்பாணம்
27.09.1986

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்தப் பயம்தான். போன திங்கள் பக்கத்தில் ஷெல் விழுந்தபோது ஒரு வயோதிபருக்கு நடைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரை விட்டுவிட்டு மேசைக்குக் கீழே ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்தபடி தனியே நின்றார். இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை.

நரம்பு தானாகத் தேறுகிறதா என்று மூன்று மாதம் பார்ப்பது உண்மை. ஆனால் மூட்டு அதுவரை பொறுக்காது. ஒவ்வொரு நாளும் அதை அசைத்து வைத்திருக்கவேண்டும். எவ்வளவு என்பதைக் கடிதத்தில் எழுத ஏலாது. பிழையாகச் செய்தால் தோளே கெட்டுவிடும். என் கையை உங்கள் கையின்மேல் வைத்துத்தான் காட்டவேண்டும். எலும்பு உடைந்திருக்கிறதா என்று டொக்டரும் பார்க்கவேண்டும். முழுக்கச் சரிவரும் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

அம்புறோஸ் அண்ணை வியாழக்கிழமை இங்கே வருவார். அவரோடு வாருங்கள். குறிகட்டுவான் துறையில் நிற்பேன். பயத்தோடேயே வாருங்கள். நானும் பயத்தோடுதான் நிற்பேன்.

ஜசிந்தா


நெடுந்தீவு
14.12.1986

என் அன்புத் தங்கச்சி,

எல்லோரும் இருக்கிறோம். நீ காட்டித்தந்ததை ஒரு நாளும் தவறவிடவில்லை. உடுப்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

அன்று உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. புறப்பட்ட காலையில் நான் துறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடந்துவிட்டேன். தூரத்தில் நேவிப் படகு ஒன்று தெரிந்தது. பின்னால் வந்த மாமிதான் மறித்தார். "எனக்குத் தெரியும், பிள்ளை. என்ரை கைதான் இழுத்தது. அண்டைக்கே தோளுக்குள்ளை ஒரு சத்தம் கேட்டது. டொக்டரிட்டை நானே சொல்லுறன்." பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முதலில் ஏறினார். பிள்ளை படகில் இருந்தபடியால்தான் நானும் ஏறினேன். கடல் முழுக்க மாமி ஒரு செபமும் சொல்லவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நீ எங்களைக் கண்டதும் அழுதாய். எங்களுக்குத் துணிவு வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் வரவில்லை. நேற்றும் ஹெலிகொப்டர் சுற்றியபோது பிள்ளையோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். பிள்ளையின் தோள் உயரவில்லை. தை மாதம் பெரிய டொக்டரிடம் காட்ட அதே கடலால் வரவேண்டும்.

இன்று காலை பால் கொடுக்கும்போது கழுத்தில் ஏதோ இழுத்தது. குனிந்து பார்த்தேன். தாலிக்கொடியைப் பிடித்திருந்தது வலது கை. முழங்கை மடங்கியிருந்தது, ஜசிந்தா. நான் போட்ட சத்தத்தில் மாமி பதறி ஓடிவந்தார். நான் கழுத்தைக் காட்டினேன். மாமி கிட்ட வந்து பார்த்தார். அந்த விரல்களைத் தொடாமல், இரண்டு கையையும் தன் பின்னால் கட்டிக்கொண்டு, நிலத்தில் இருந்துவிட்டார்.

தை மாதம் மூன்று பேரும் வருகிறோம்.

உன் அக்கா
கத்தரீனா