வெறும் ‘போ’ சொல்லக் கூடாது

அக்கா, இன்று காலையும் ஆட்டோவில் உட்கார்ந்தால் கண்ணாடி கீழே திரும்பிக் கிடக்கிறது. பின்னால் வரும் லாரி தெரியவில்லை, என் சட்டைப் பொத்தான்தான் தெரிகிறது. எரிச்சலோடு நிமிர்த்தினேன். நீ போன பிறகும் இதைத் திருப்புவது யார்?

உனக்குத்தான் அந்தப் பழக்கம். நான் மதியம் சாப்பிட வந்தால் போதும், பாப்பாவை டிரைவர் சீட்டில் ஏற்றி, அவள் வாய் தெரியும்படி கண்ணாடியை இறக்கிவிடுவாய். நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று என் மகளுக்கு நாக்கில் வசம்பு தடவினோம், பலூன் ஊதவைத்தோம். காஞ்சிபுரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் மேடம்தான் புரியவைத்தார். சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியுமாம். உதட்டையும் தாடையையும் எப்படி அசைப்பது என்பதுதான் சிக்கிக்கொள்கிறதாம். அவளுக்குத் தேவைப்படும் சொற்கள் கொஞ்சம் போதும். கண்ணாடி பார்த்து, விரலால் வழிகாட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள் என்றார்.

முதல் சொல் ‘அப்பா’வாக இருக்கட்டும் என்றேன் நான். நீ கேட்டால்தானே!

“தெருவுல பசங்க அவ கையில கீறத புடுங்கிக்கினு ஓடுதுங்க. அவளுக்கு ‘போ’தான்டா வேணும். உன்ன கூப்டலன்னா இன்னா, நீ அப்பன் இல்லன்னு ஆயிடுமா?”

முதல் ‘போ’ எனக்குத்தான் கிடைத்தது, சோற்றுத் தட்டோடு நின்றபோது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் ‘வா’. கீழுதட்டை மேல்பல்லில் தொட வைத்து, தாடையை விரலால் மெல்ல இறக்குவாய்.

ஆஸ்பத்திரிக்குப் போக உன்னை ஆட்டோவில் ஏற்றிய அன்று அவள் “போ” என்றாள்.

“வெறும் போன்னு சொல்லாதடீ. போய்ட்டு வான்னு சொல்லு” என்று, மூச்சு வாங்க வாங்க அவள் தாடையைத் தொட்டாய்.

“போ… வா.”

நீ வரவில்லை.

அதிலிருந்து ‘வா’ அவளிடம் இல்லை. வந்த சொல் சில சமயம் நழுவும், மறுபடி பிடிக்கலாம் என்கிறார் மேடம். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. மாகறல் ஊர்ப்பக்கம் சவாரி போகும்போதும் ‘வா, வா’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறேன். கை காட்டாதவர்கள்கூட வந்து ஏறிக்கொள்கிறார்கள். வீட்டில் அவள் தாடையில் விரல் வைத்தால் தட்டிவிடுகிறாள். என் விரல் உன் விரல் இல்லையே, அக்கா!

இன்று மதியம் கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். பாப்பா டிரைவர் சீட்டில் நிற்கிறாள். கண்ணாடியை இறக்கியாயிற்று. தன் தாடையில் தன் விரலையே வைத்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, “வ்… வ்…” என்று திணறுகிறாள். பிறகு, நீ உட்காரும் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“வா.”

உன்னைத்தான் கூப்பிட்டாள். நான்தான் போனேன்.